காருக்குப் போகும் யூனிற்றின் விலை: வன்னியில் மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு ஒரு கணக்கு

கிளிநொச்சியில் வீடுகளுக்கு வயறிங் செய்வது என் தொழில். சொந்தப் பாவனைக்கு ஒரு பழைய நிசான் லீஃப் வைத்திருக்கிறேன். இந்த இரண்டையும் தெரிந்தவர்கள், பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, கரண்ட் காருக்கு மாசம் எவ்வளவு முடியும்?"

விற்பவர்கள் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். கிலோமீற்றருக்கு நாலு ரூபா. அந்த நாலு ரூபா யாருடைய வீட்டுக் கரண்ட் பில்லை வைத்துப் போட்ட கணக்கு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அடுத்தடுத்த வளவில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒரே மாதிரிக் கார் வாங்கி, ஒரே தூரம் ஓடினாலும் மாதச் செலவு இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம். அதைத் தீர்மானிப்பது கரண்ட் பில்லின் படிகள். அந்தப் படிகளை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எரிபொருளுக்காகக் கஷ்டப்படுவது வன்னிச் சனத்துக்குப் புதிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலை ஒரு சொட்டு விட்டு ஸ்ரார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. பிறகு 2022 யூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அதை வாங்கவும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது. ஆகவே மின்சாரக் கார் வந்தால் எல்லாக் கவலையும் தீரும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கணக்குச் சரிவந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், சுவரிலிருந்து எவ்வளவு போகிறது?

காரின் திரை காட்டுவது பற்றரிக்குள் இருக்கும் கணக்கு. நீங்கள் காசு கட்டுவது மீற்றரில் ஓடிய கணக்குக்கு. சார்ஜ் ஆகும்போது 10 முதல் 15 வீதம் வரை சூடாகிப் போய்விடும். என் லீஃபில் ஏசி போட்டுக்கொண்டு, 60இல் நிதானமாக ஓடினால், பற்றரியின் ஒரு யூனிற்றுக்கு (ஒரு கிலோவாற் மணித்தியாலம்) ஆறரைக் கிலோமீற்றர் வரும். அதையே வீட்டு மீற்றரில் ஓடிய யூனிற்றால் பிரித்தால் 5.7தான் வருகிறது. கணக்குக்கு இந்த இரண்டாவது எண்தான் தேவை.

உங்கள் காருக்கு இதைக் கண்டுபிடிக்க, கார் சார்ஜ் ஆகும் லைனில் மட்டும் ஒரு சின்ன மீற்றர் போடுங்கள். பிரேக்கர் பெட்டிக்குள்ளேயே பொருந்துகிற அளவில், மின்சாமான் கடைகளில் கிடைக்கும். ஒருநாள் முழுதாகச் சார்ஜ் போட்டு, மீற்றர் எண்ணையும் காரின் கிலோமீற்றர் எண்ணையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று கிழமை வழக்கம்போல ஓடுங்கள். மறுபடி முழுதாகச் சார்ஜ் போட்டு இரண்டு எண்களையும் பாருங்கள். ஓடிய தூரத்தை மீற்றர் காட்டும் யூனிற்றால் வகுத்தால் உங்கள் எண் வந்துவிடும். கார் புதிதென்றால் என் எண்ணைவிடக் கொஞ்சம் கூடலாம். ஒழுங்கை எல்லாம் குன்றும் குழியுமாக இருந்து, ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி ஓடினால் குறையும்.

இனிக் கரண்ட் பில்

இங்கே நான் போடும் கணக்கு எல்லாம் 2025 யூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் போட்டது. கட்டணம் மாறினால் புது எண்களை வைத்து இதே வழியில் போட்டுப் பாருங்கள்.

மாதம் 60 யூனிற்றுக்கு மேல் போகும் வீட்டுக்கு முதல் 60 யூனிற் 12.75 ரூபாப்படி. 61 தொடக்கம் 90 வரை 18.50. 91 தொடக்கம் 120 வரை 24. 121 தொடக்கம் 180 வரை 41. அதற்கு மேல் ஒவ்வொரு யூனிற்றும் 61 ரூபா. இதோடு நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறும்: 90 வரை 400 ரூபா, 120 வரை 1000, 180 வரை 1500, அதற்கு மேல் 2100. மொத்தத்தின் மேல் ஒரு சிறிய வரியும் வரும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

உருத்திரபுரத்தில் நான் லைன் இழுத்துக் கொடுத்த ஒரு ரீச்சரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். பூநகரிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். போய்வர ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கடை, கோயில் எல்லாம் சேர்த்தால் மாதம் 850 கிலோமீற்றர் ஓடும். 5.7ஆல் வகுத்தால் 150 யூனிற் வரை தேவை. கார் வருவதற்கு முன் அந்த வீட்டுப் பாவனை 85 யூனிற். பில் 1627 ரூபா ஐம்பது சதம்.

85 யூனிற்றுக்கு 1627 ரூபா என்றால் யூனிற்றுக்கு ஏறக்குறைய 19 ரூபாதானே, அதை 150ஆல் பெருக்கினால் 2900 ரூபாவுக்குள் கார் ஓடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அது சரிவராது. காரின் யூனிற்றுகள் பில்லின் அடியில் போய் நிற்பதில்லை, உச்சியில் ஏறி நிற்கின்றன. 85இலிருந்து 235 வரை ஏறிப் பாருங்கள். முதல் 5 யூனிற் 18.50 படி, அடுத்த 30 யூனிற் 24 படி, பிறகு 60 யூனிற் 41 படி, கடைசி 55 யூனிற் 61 படி. நிலையான கட்டணமும் 400இலிருந்து 2100க்குப் போகிறது. புது பில் 9955 ரூபா. ஆகக் காருக்கான செலவு 8327 ரூபா ஐம்பது சதம். யூனிற்றுக்கு 55 ரூபா ஐம்பது சதம், கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 9 ரூபா 80 சதம்.

இது நட்டமா என்றால், இல்லை. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் சாதாரணக் கார் என்றால் கிலோமீற்றருக்கு 25 ரூபா, அந்த 850 கிலோமீற்றருக்கு 21,250. லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட் என்றால் 15 ரூபாப்படி 12,750. ரீச்சர் 8300 ரூபாவில் முடிக்கிறார். இலாபம் இருக்கிறது. ஆனால் நல்ல ஹைபிரிட் ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர், மாதம் மிஞ்சும் இந்த நாலாயிரத்துச் சொச்சத்துக்காக அதை விற்று மின்சாரக் கார் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. பழைய பற்றரி ஒன்றை மாற்றவேண்டி வந்தால் அந்தச் சேமிப்பெல்லாம் அதற்கே போய்விடும்.

ஏற்கெனவே 200 யூனிற் எடுக்கும் வீடு என்றால் கணக்கு இன்னும் எளிது. காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிற்றும் 61 ரூபாதான், கிலோமீற்றருக்கு 10 ரூபா 70 சதம்.

படி தாண்டும் இடத்தில் கவனம்

180 யூனிற்றில் நிற்கும் வீடு 181க்குப் போனால், அந்த ஒரு யூனிற்றின் விலை 661 ரூபா. யூனிற்றுக்கு 61, நிலையான கட்டணம் ஏறுவதால் 600. இதே மாதிரி 91ஆவது யூனிற்றுக்கு 624, 121ஆவதுக்கு 541. அதனால் மீற்றர் பார்க்க வருபவர் வந்துபோகும் தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு ஐந்தாறு நாள் முன்பே மீற்றரை நீங்களே ஒருதரம் பாருங்கள். படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்றால் மிச்ச நாளுக்குக் காரை மற்றொரு இடத்தில் சார்ஜ் போடுவது நல்லது. ரீச்சர் 185இல் முடிப்பார் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடைசி 5 யூனிற் அவருக்கு 905 ரூபா. அதே 5 யூனிற்றை வெளியே, யூனிற் 100 ரூபாவுக்குப் போட்டால் 500தான். வெளியே போடுவது எப்போதும் விலை கூட என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

இன்னொரு விசயம். இந்தப் படிகள் 30 நாளுக்கு உரியவை. மீற்றர் பார்ப்பவர் 32 நாளில் வந்தால் 180 என்பது 192 ஆக நீளும், நாளுக்கு 6 யூனிற்படி. அவர் பிந்தி வந்ததால் படி ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துக் கணக்கைச் சரிபாருங்கள்.

அம்மா வீட்டில் போடலாமா?

வன்னியில் பல குடும்பங்களுக்குப் பெற்றோர் வீடு பக்கத்து வளவிலேயே இருக்கும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு, இரண்டு லைற், ஒரு ஃபான், ஒரு சின்னப் பிரிட்ஜ். மாதம் 40 யூனிற்தான் போகிறது என்றால், 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்கான குறைந்த கட்டணத்தில் அவர்களின் பில் 425 ரூபா. மாதம் 50 யூனிற்றை அங்கே போட்டால் அவர்களின் பில் 90 யூனிற்றில் 1720 ஆகும். கூடுதல் 1295. அந்த 50 யூனிற் உங்கள் பில்லின் உச்சியிலிருந்து இறங்குவதால் உங்களுக்கு 3050 மிச்சம். கழித்தால் மாதம் 1755 ரூபா குடும்பத்துக்குள்ளேயே நிற்கும்.

அந்த 1295ஐக் கணக்குப் பார்த்து அம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும். 425 ரூபா பில்லைப் பார்த்துப் பழகியவருக்கு 1720 வந்தால், வாய் திறந்து சொல்லமாட்டார், ஃபானைப் போடாமல் படுப்பார். 90 யூனிற்றைத் தாண்டவும் விடாதீர்கள். தாண்டினால் அவர்களின் நிலையான கட்டணமே ஆயிரத்துக்கு ஏறிவிடும். அதோடு அந்த வீட்டு வயறிங் பழையதாக இருக்கும். கீழே சொல்லப்போவதைப் படித்துவிட்டுத்தான் அங்கே கேபிளைக் கொண்டுபோக வேண்டும்.

இரவுக் கட்டணமும் சூரிய மின்னும்

வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் என்று ஒரு தெரிவு இருக்கிறது. காலை 5:30 முதல் மாலை 6:30 வரை ஒரு விலை. மாலை 6:30 முதல் இரவு 10:30 வரை மிகக் கூடிய விலை. இரவு 10:30 முதல் விடிய 5:30 வரை மிகக் குறைந்த விலை. இதில் படிகள் இல்லை. எத்தனை யூனிற் போனாலும் அந்தந்த நேரத்து விலைதான். கார் இரவில் மட்டும் சார்ஜ் ஆகும் வீட்டுக்கு, அதிலும் மாதம் 300 யூனிற்றைத் தாண்டும் வீட்டுக்கு, இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் சமையல், அயன், ரிவி எல்லாம் மாலை 6:30க்கும் 10:30க்கும் இடையில் நடக்கும் வீடு என்றால், காரில் மிச்சம் பிடித்ததை அங்கே கட்டவேண்டி வரும். உங்கள் இணைப்பு இதற்குத் தகுதியானதா என்று மின் அத்தியட்சகர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இணைப்புக்கும் இதைத் தரமாட்டார்கள்.

கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்குத்தான் உண்மையான இலாபம். அதிலும் எந்த ஒப்பந்தம் என்பது முக்கியம். நெற் அக்கவுண்டிங் என்றால், பகலில் நீங்கள் கொடுத்த யூனிற்றிலிருந்து இரவில் எடுத்த யூனிற்றைக் கழித்து, மிஞ்சியதற்குக் காசு தருவார்கள். ஆகக் காருக்குப் போகும் யூனிற்றின் விலை, நீங்கள் விற்காமல் விட்ட அந்த யூனிற்றின் விலைதான். 2016இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, அதற்குப் பிறகு 15.50. நெருக்கடிக்குப் பிறகு, 2022இல் வந்த விலைக்குச் சேர்ந்தவர்களுக்கு 37. அந்த 22ஐ 5.7ஆல் வகுத்தால் கிலோமீற்றருக்கு 3 ரூபா 90 சதம் வருகிறது. விற்பவர் சொன்ன நாலு ரூபா உண்மையாகும் வீடு இதுதான்.

நெற் மீற்றரிங் என்றால் காசு தரமாட்டார்கள், மிஞ்சிய யூனிற்றை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவார்கள். மாதாமாதம் மிஞ்சிக்கொண்டே போகிறதென்றால் அதைக் காரில் ஊற்றுங்கள், வேறு செலவில்லை. நெற் பிளஸ் என்றால் கதை வேறு. நீங்கள் தருவது முழுவதையும் அவர்கள் ஒரு விலைக்கு வாங்குவார்கள், நீங்கள் எடுப்பது முழுவதற்கும் சாதாரணப் படியில் பில் வரும். கூரை நிறையத் தகடு இருந்தாலும் உங்கள் காருக்கு 61 ரூபாதான். தகடு போட்டுவிட்டேன், கார் சும்மா ஓடும் என்று நினைக்கும் முன் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

வயறிங்

இது என் வேலை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கேத்தில் மூன்று நிமிடம் கரண்ட் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் எட்டு மணித்தியாலம் நிற்காமல் இழுக்கும். கேத்திலைத் தாங்குகிற சொக்கெட் காரைத் தாங்கும் என்று நினைத்தவர்களின் வீடுகளில் சொக்கெட் உருகி, சுவர் கறுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

யப்பானிலிருந்து வந்த லீஃபோடு வரும் கேபிள் 15 அம்பியர் இழுக்கும். அதன் யப்பான் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் சதுர முள் பிளக்கைப் போட்டிருப்பார்கள். அதை உடனே கழற்றுங்கள். 10 அம்பியர் கேபிளோ 15 அம்பியர் கேபிளோ, காருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் வேண்டும். 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) 10 அம்பியருக்குப் போதும் என்பார்கள். நான் 7/0.85க்குக் குறைந்து போடுவதில்லை. மெயின் பெட்டியிலிருந்து கராஜ் தூரமென்றால் 7/1.04. தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிச், அதுவும் ரைப் ஏ. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பிறகு எர்த். கேபிளில் சிவப்பு லைற் எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை என்று வரும் தொலைபேசி அழைப்புகள் அநேகமாக ஆவணி, புரட்டாதியில்தான் வரும். மண் காய்ந்து வெடித்திருக்கும் நேரம். காய்ந்த மண்ணில் எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது. கம்பியைக் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழைப் பாத்திப் பக்கம் அடித்தால் வருடம் முழுவதும் ஈரம் இருக்கும். மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஐப்பசியில் இடி மழை தொடங்கும்போது பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

பெரிய சுவர்ச் சார்ஜர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான். 10 அம்பியர் கேபிள் மணிக்கு 2.3 யூனிற் தரும். 40 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 7 யூனிற் போதும், அது மூன்று மணித்தியால வேலை. இரவு 10:30க்குப் போட்டு விடிய 5:30க்குக் கழற்றினால் 16 யூனிற் ஏறியிருக்கும். 7 கிலோவாற் சார்ஜர் 30 அம்பியருக்கு மேல் இழுக்கும். நம் வீடுகளின் சாதாரண 30 அம்பியர் இணைப்பில் அதைப் போட்டால், கிணற்று மோட்டர் ஓடத் தொடங்கியதுமே மெயின் விழும். லைனின் கடைசியில் இருக்கும் கிராமங்களில் இரவு ஏழு மணிக்கு வோல்ற்றேஜ் இறங்கியிருக்கும். அந்த நேரம் போட்டால் சார்ஜ் ஏற நேரம் எடுக்கும், அக்கம்பக்கத்து லைற்றும் மங்கும். பின்னிரவில் போடுவது எல்லோருக்கும் நல்லது. அதற்குள் பற்றரியும் பகல் சூடு ஆறியிருக்கும். லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. வன்னி வெயிலில் முழுச் சார்ஜோடு நாள் முழுக்க நிறுத்தி வைத்தால் அதன் ஆயுள் குறையும். வேப்பமர நிழல் தேடி நிறுத்துங்கள்.

வெளியே சார்ஜ் போடும்போது

முதலில் உங்கள் காரின் வாய், அதாவது சார்ஜ் கேபிளைச் செருகும் இடம், எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். லீஃபுக்கு வேகச் சார்ஜில் சாடெமோ, மெதுவான சார்ஜில் ரைப் 1. புதிதாக வரும் பிவைடி போன்றவற்றில் பெரும்பாலும் சிசிஎஸ்2, ரைப் 2. சீனச் சந்தைக்குச் செய்த சில கார்களில் ஜிபி/ரி. சார்ஜர் இருக்கிறது என்று வரைபடம் சொன்னால் போதாது, உங்கள் வாய்க்கு ஏற்ற கேபிள் அங்கே இருக்க வேண்டும். சார்ஜ்நெட் போன்ற செயலிகளில் இதைப் பார்க்கலாம். செயலியில் பச்சையாகக் காட்டினாலும், புறப்படும் முன் அந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, இப்போது வேலை செய்கிறதா, கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். செயலிக்குள் காசு போட்டு வைப்பதையும் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது விலை. யூனிற் கணக்கா, நிமிடக் கணக்கா என்று கேளுங்கள். நிமிடக் கணக்கென்றால் பழைய கார்க்காரர் விழிப்பாக இருக்க வேண்டும். நிமிடம் 30 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பற்றரி பாதிக்குக் கீழே இருக்கும்போது 30 கிலோவாற் ஏறினால், பத்து நிமிடத்தில் 5 யூனிற் வரும், யூனிற் 60 ரூபா. 80 வீதத்தைத் தாண்டியதும் கார் தானாகவே வேகத்தைக் குறைக்கும். 10 கிலோவாற்றுக்கு இறங்கிவிட்டால் அதே பத்து நிமிடம், அதே 300 ரூபா, ஆனால் யூனிற் 180 ரூபா. 80இல் கழற்றிவிடுங்கள். பின்னால் காத்து நிற்பவருக்கும் அது உதவி.

யூனிற் 100 ரூபா என்றால், வேகச் சார்ஜில் கிலோமீற்றருக்குப் 16 ரூபா வரை வருகிறது. ஹைபிரிட் காரின் பெற்றோல் செலவு அதுதான். வீட்டில் பிளக் போட வசதியில்லாமல் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முழுவதும் வெளியே போட்டே மின்சாரக் கார் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வன்னியில் இப்போதைக்கு அது காசையும் மிச்சப்படுத்தாது, நேரத்தையும் தின்னும்.

தூரப் பயணத்தில் நான் செய்வது, வெளியே வீடு திரும்பத் தேவையானதை மட்டும் போடுவது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏறக்குறைய 77 கிலோமீற்றர். முழுச் சார்ஜில் 130 கிலோமீற்றர் ஓடும் பழைய லீஃப் என்றால் போய்ச் சேரும், திரும்ப வராது. திரும்ப 12 யூனிற், கையிருப்பாக இன்னும் 3, மொத்தம் 15. பற்றரியில் 8 மிஞ்சியிருந்தால் 7 யூனிற் போட்டால் போதும், 700 ரூபா. முழுதாக நிரப்ப நினைத்தால் கூட ஒரு ஐந்நூறு அறுநூறு ரூபாவும், அந்தக் கடைசி மெதுவான அரை மணித்தியாலமும் வீண். மிச்சத்தை வீட்டில் போடலாம்.

போகும் வழியில் மாங்குளம் சந்தியில் ஒருதரம் திரையைப் பாருங்கள். அதுவரை 28 கிலோமீற்றர், இன்னும் 49 இருக்கிறது. பற்றரி 65 வீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அதே ஓட்டத்தில் வவுனியா போய்ச் சேருவது சந்தேகம். வேகத்தை 50க்குக் குறைத்து, ஏசியையும் நிறுத்துங்கள். ஏ9 பாதை இந்தப் பகுதியில் சமதரை, ஏற்றம் பயப்பட ஒன்றுமில்லை. காற்றைத்தான் பார்க்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் தெற்கே போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். போகும்போது செலவான வீதத்தை வைத்துத் திரும்புவதற்குக் கணக்குப் போட்டால் கூடுதலாகச் சார்ஜ் போட்டுவிடுவீர்கள். வாடைக் காலத்தில் இது தலைகீழ். அப்போது 3 யூனிற் கையிருப்பை 4 ஆக்கிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் போவதென்றால் தூரம் கொஞ்சம் குறைவு, கணக்கு அதேதான். ஆனால் ஆனையிறவு வெளியில் காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லை.

கார் வாங்க வசதியில்லை, ஆனால் பெற்றோல் செலவு தாங்கவில்லை என்று கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களுக்கு மின்சார ஸ்கூற்றரின் கணக்கைச் சொல்கிறேன். சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிற்றுக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று குறைத்தே வையுங்கள். மாதம் 500 கிலோமீற்றருக்கு 20 யூனிற். 65 யூனிற் எடுக்கும் வீடு 85க்குப் போகும், படி மாறாது, கூடுதல் பில் 370 ரூபா. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் அதே தூரத்துக்குப் பத்து லீற்றர், 3000 ரூபா. தனி லைனும் தேவையில்லை, நல்ல எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் உள்ள ஒரு 13 அம்பியர் சொக்கெட் போதும். 60 யூனிற்றுக்குள் இருக்கும் வீடு மட்டும் முதலில் பில்லைப் பார்க்க வேண்டும். 60 யூனிற் பில் 585 ரூபா, 61 என்றால் 1183 ரூபா ஐம்பது சதம்.